ஆக்ஸ்பரோ ஹால்: கொத்தனார் அப்பாவோடு ஒரு நாள்

அப்பா நாற்பத்தோரு வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். சித்தாளாகக் கலவை சுமந்து, அப்புறம் கரணை பிடித்து, கடைசிப் பதினைந்து வருஷம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு பழுது பார்க்கிற மேஸ்திரியாக இருந்தார். போன கோடையில் மூன்று மாதம் இங்கிலாந்தில், பீட்டர்பரோவில் எங்களோடு தங்கியிருந்தார். லண்டன் கூட்டிப்போனோம். எல்லாவற்றையும் பார்த்தார், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை நார்ஃபோக்கில் இருக்கிற ஆக்ஸ்பரோ ஹால் என்ற பழைய மாளிகைக்கு அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வருகிற ஒரு மணி நேரமும் காரில் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

இங்கே பழைய மாளிகைக்குப் போகிறவர்கள் உள்ளே இருக்கிற ஓவியம், கட்டில், பீங்கான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். நானும் இதுவரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அப்பா சுவரைப் பார்த்தார். அவர் பார்த்த விதத்தில் பார்த்தால் இந்த வீடு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சின்ன ஊர். ஒரு சர்ச், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே நடந்தால் திடீரென்று தண்ணீர் தெரிகிறது. சதுரமான அகழி. அதன் நடுவில் நாலு பக்கமும் தண்ணீரிலிருந்தே எழுந்த மாதிரி செங்கல் வீடு. வடக்குப் பக்கம் வாசல் கோபுரம், சுமார் 80 அடி உயரம். வாசலுக்கு இரண்டு பக்கமும் எட்டுப் பட்டை வைத்த கோபுரங்கள் ஏழு அடுக்காக மேலே போகின்றன. பாலத்துக்கு இந்தப் பக்கமே அப்பா நின்றுவிட்டார். செருப்புக்கடியில் தரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் போலக் காலை ஊன்றிக்கொண்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்து ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்.

"இது எந்த வருஷம் ஆத்தா?"

"1482 அப்பா."

"தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி நிக்குதே" என்றார். அதன்பிறகுதான் பாலத்தில் கால் வைத்தார்.

கல் கட்டடத்துக்குப் பேர்போன நாட்டில் ஏன் செங்கல் என்று கேட்கத் தோன்றும். நார்ஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சக்கிமுக்கிக் கல். இந்த வட்டாரத்துப் பழைய சர்ச்சுகளில் பெரும்பாலானவை அதில் கட்டியவைதான். ஆனால் மூலை திருப்பவும் சன்னலுக்கு ஓரம் கட்டவும் அந்த உருண்டைக் கல் சரிவராது. வேறு கல் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து தண்ணீர் வழியாகக் கொண்டுவர வேண்டும். களிமண்ணோ தாராளம். ரோமர்கள் 5-ஆம் நூற்றாண்டில் போனபின் இங்கிலாந்தில் செங்கல் சுடுகிற தொழிலே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. எதிர்க்கரையில் நெதர்லாந்து, ஃப்ளாண்டர்ஸ் பக்கம் அந்தத் தொழில் செழித்திருந்தது. கடல் வணிகத்தோடு அது இந்தக் கிழக்குக் கரைக்குத் திரும்பி வந்தது. பக்கத்து சஃபோக்கில் லிட்டில் வென்ஹம் ஹால் 1270-களிலேயே செங்கலில் எழுந்துவிட்டது. வடக்கே லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் கோட்டையின் பெரிய கோபுரம் 1430, 40-களில் வந்தது. ஆக்ஸ்பரோ கட்டப்பட்ட காலத்தில் செங்கல் என்பது பணம் உள்ளவர்களின் பெருமை. ஏழைக் கல் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை.

கட்டியவர் சர் எட்மண்ட் பெடிங்ஃபீல்ட். வீட்டின் மேல் கோட்டை மாதிரி பல் வைத்த சுவர் எழுப்ப வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ராஜாவிடம் அனுமதி வாங்க வேண்டும். நான்காம் எட்வர்ட் 1482-ல் அதைக் கொடுத்தார். சண்டைக்காகக் கட்டியதா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அகழி இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. ஆனால் வாசலுக்கு மேலேயே அவ்வளவு பெரிய சன்னல்கள்! பீரங்கி வந்துவிட்ட காலத்தில் இந்தச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? அப்பா கேட்ட கேள்விதான் இது: "சண்டைக்குக் கட்டுனவன் இம்புட்டுப் பெரிய சன்னல் வைப்பானா?" வருகிறவன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று கட்டிய வாசல் இது. 540 வருஷம் கழித்து எங்க அப்பாவும் அண்ணாந்து பார்த்தார்.

அந்தக் காலத்துச் செங்கல் நம் ஊர்க் கல்லைவிடத் தட்டையாக இருக்கும். கையால் அச்சில் அடித்து, காயவைத்து, விறகு போட்டுச் சுட்டவை. சூளையில் நெருப்புக்குக் கிட்டே இருந்தது கறுத்துப் போயிருக்கும், தள்ளி இருந்தது இளஞ்சிவப்பாக இருக்கும். அதனால் கிட்டப்போய்ப் பார்த்தால் சுவர் ஒரே நிறமாக இல்லை. ஆரஞ்சு, ரோஜா, கத்தரிப்பூ என்று வேறு வேறு நிறமாக இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கலந்து பழுத்த சிவப்பு. இன்றைக்கு மிஷினில் வருகிற கல்லால் இந்த நிறத்தைக் கொண்டுவரவே முடியாது என்று அப்பா சொன்னார்.

இனி அந்தப் படிக்கட்டு. இந்த வீட்டில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள்.

வாசல் கோபுரங்களில் ஒன்றுக்குள் சுழன்று மேலே போகிற படிக்கட்டு. நடுத் தூணும் சுவரும் தலைக்கு மேலே படிக்கு அடியாகத் திரும்பித் திரும்பி ஏறுகிற வளைவுக் கூரையும் எல்லாமே செங்கல். சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வருகிறது. கைப்பிடி என்று தனியாக மரத்திலோ இரும்பிலோ எதுவும் கிடையாது. சுவரிலேயே பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்துக்குள் கை பிடிக்கிற மாதிரி உருட்டலாகச் செங்கலிலேயே கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அதுவும் படியோடு சேர்ந்து சுழன்று போகிறது. கல்லுக்குக் கல் வளைவு மாற வேண்டும், ஏற்றமும் மாற வேண்டும். ஐந்நூறு வருஷமாக எத்தனையோ கைகள் தடவித் தடவி அது எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பாக இருக்கிறது.

அப்பா படி ஏறவில்லை. இரண்டாவது படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு வலது கையை அந்தக் கைப்பிடியில் மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு இணைப்பு வரும்போதும் விரல் நின்று, அப்புறம் நகர்ந்தது. பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார்கள்.

"ஆத்தா, இது வெட்டுன கல்லு இல்ல. அச்சுல வார்த்துச் சுட்டது."

"எப்படிச் சொல்றீங்க?"

"செங்கல்லுக்குத் தோல் உண்டு. நெருப்புல வர்ற தோல். சுட்ட பெறகு வெட்டுனா அந்தத் தோல் போயிரும், உள்ளாற இருக்கிற மாவு தெரியும். கை பட்டுப் பட்டு இந்நேரம் குழி விழுந்திருக்கும். இதுல பாரு, தோல் அப்படியே இருக்கு. இந்த வளைவுக்குன்னே அச்சு செஞ்சிருக்கான். சுடும்போது கல்லு சுருங்கும். எம்புட்டுச் சுருங்கும்னு கணக்குப் போட்டு அச்சு செஞ்சிருக்கான்."

அச்சு செய்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. கட்டச் சொன்னவர் பெயர் தெரியும், அனுமதி கொடுத்த ராஜா பெயர் தெரியும். அப்பாவுக்கு அது புதிதில்லை. செட்டிநாட்டில் அவர் பழுது பார்த்த எந்த வீட்டிலும் கொத்தனார் பெயர் எழுதி வைக்கவில்லை.

படி ஏறினால் ராஜாவின் அறை. ஏழாம் ஹென்றி 1487-ல் இங்கே வந்தார். அதனால் அந்தப் பெயர். வாசலுக்கு நேர் மேலே இருக்கிற அறை. அறைக்கு ஒருவராகத் தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். இங்கே நின்றவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. அப்பா கட்டிலைத் திரும்பியும் பார்க்காமல் சுவரை நோக்கிப் போனதைப் பார்த்ததும், "உங்கள் அப்பா கட்டட வேலை செய்பவரா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் இருபது நிமிஷம் அவர்கள் இருவரும் கையாலேயே பேசினார்கள். நான் நடுவில் மொழிபெயர்த்தது கொஞ்சம்தான்.

அந்த அறையை ஒட்டி ஒரு சின்ன மறைவு அறை. பழைய காலத்துக் கழிவறை. அதன் தரையில்தான் பாதிரியார் ஒளிவிடம் இருக்கிறது. தரையோடு தரையாக ஓடு பதித்த ஒரு மூடி. மூடியிருக்கும்போது தரைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். உள்ளே ஒரு ஆள் குனிந்து நுழைகிற துவாரம், அப்புறம் உட்கார மட்டும் இடம். பெடிங்ஃபீல்ட் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். எலிசபெத் ராணி காலத்தில், 1585-ல் வந்த சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற பாதிரியார் இங்கிலாந்துக்குள் இருப்பதே ராஜத் துரோகம். அவருக்கு இடம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை. அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது பயமாக இருந்தது. ஊரில் எங்கள் தெருவிலேயே சர்ச் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணியடித்து, மைக் போட்டு ஊரையே கூப்பிடுவார்கள். இங்கே அதே பூசைக்காக ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு செங்கல்லுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் குடும்பத்தின் கதையில் எனக்கு ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. வீட்டைக் கட்டியவரின் மகன், எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த மனைவி கேத்தரினைக் கிம்போல்டன் கோட்டையில் காவல் காத்தவர். 1536-ல் அங்கேயேதான் கேத்தரின் இறந்தார். பேரன் சர் ஹென்றி, பின்னால் ராணியாகப் போகிற எலிசபெத்தை 1554-ல் உட்ஸ்டாக்கில் சிறைவைத்துக் காத்தவர். அப்படி இரண்டு தலைமுறை அரச குடும்பப் பெண்களைக் காவல் காத்தது. இன்றைக்கு இந்த வீட்டின் பெரிய பொக்கிஷமாகச் சொல்லப்படுவதும் சிறையிலிருந்த ஒரு ராணியின் கைவேலைதான்.

ஸ்காட்லாந்து ராணி மேரி 1569 முதல் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் இருந்தார். பிரபுவின் மனைவி, ஹார்ட்விக் பெஸ் என்று அழைக்கப்பட்டவர். மேரியும் பெஸ்ஸும் சேர்ந்து போட்ட பூத்தையல் துண்டுகள் பச்சை வெல்வெட்டில் ஒட்டுப்போட்டுத் திரைகளாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. யானை, மீன், பறவை என்று புத்தகத்தில் பார்த்துப் போட்ட உருவங்கள். துணி நிறம் போகக்கூடாது என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிஷம் நின்றால் கண் பழகும், அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பொறுமையாக நில்லுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் கௌட்ரே என்ற மாளிகையில் வாழ்ந்த இன்னொரு செல்வக் குடும்பத்திலிருந்து கலியாணம் செய்து வந்த பெண் வழியாக இவை இங்கே வந்தன. அந்தக் கௌட்ரே மாளிகை 1793-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. மருமகள் வந்த நேரம் நல்ல நேரம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

முற்றத்துக்கு வந்தால் ஒரு குறை கண்ணில் படும். எதிரே தெற்குப் பக்கம் மட்டும் கட்டடம் தாழ்வாக இருக்கிறது. அங்கேதான் பெரிய கூடம் இருந்தது. 1770-களில் அதை இடித்துவிட்டார்கள். அந்தக் கால ரசனைக்குப் பழைய கூடம் பழங்கட்டாகப் பட்டிருக்கும். எனக்கு இதில் கோபம்தான். வாசல் கோபுரத்தைக் கட்டிய அதே கை அங்கேயும் என்னவெல்லாம் செய்திருக்கும்! 1830-களில் பக்லர் என்ற கட்டடக் கலைஞரை வைத்து வீட்டைப் புதுப்பித்தார்கள். வெளிப்பக்கம் துருத்தி நிற்கிற சன்னல்கள், தென்கிழக்குக் கோபுரம், முறுக்கு முறுக்கான புகைபோக்கிகள் எல்லாம் அவர் காலத்தவை. உள்ளே நூலகமும் சாப்பாட்டு அறையும் இருட்டான மரமும் அழுத்தமான நிறமுமாக எனக்கு மூச்சு முட்டியது. தோல் பதித்த சுவர்கள் ஒரு பக்கம் இருக்கின்றன, அவை அழகு. அப்பா புகைபோக்கிகளை ரசித்தார். பழசா புதுசா என்று அவர் கேட்கவில்லை. "வேலை தெரிஞ்சவன்" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவும் 1951-ல் போயிருக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இறப்பு வரி இங்கே பெரிய குடும்பங்களை நொறுக்கியது. பராமரிக்க முடியாமல் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்தார்கள். ஆக்ஸ்பரோவையும் ஒன்பதாவது பாரனெட் (பாரனெட் என்பது அந்தக் குடும்பத்தின் பரம்பரைப் பட்டம்) விற்றார். வாங்கிய கம்பெனிக்கு நிலமும் மரமும் போதும். வீடு இடிபட இருந்தது. அப்போது விற்றவரின் தாயார் லேடி சிபில், தன் மகளையும் அண்ணன் தங்கை வழி உறவுப் பெண் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, பணம் திரட்டி வீட்டைத் திரும்ப வாங்கினார். 1952-ல் அதை, பழைய மாளிகைகளைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில் ஒப்படைத்தார்கள். மூன்று பெண்கள். இதைச் சொன்னதும் அப்பா அகழி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கைப்பட வேலை பார்த்த வீடுகளில் இரண்டைப் பிரித்து, தூணும் கதவும் வண்டியில் ஏற்றியதை அவர் நின்று பார்த்திருக்கிறார்.

இதே மாதிரி இன்னொரு கதை டாட்டர்ஷாலுக்கு உண்டு. அங்கே கல்லில் செதுக்கிய கணப்பு அடுப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். 1911-ல் அந்தக் கோபுரத்தை வாங்கி, அடுப்புகளைத் தேடிப்பிடித்துத் திரும்பப் பதித்தவர் கர்சன் பிரபு. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தபோது 1904-ல் பழைய நினைவுச் சின்னங்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்த அதே கர்சன். நம் ஊருக்கு அவர் செய்த மற்றவற்றை நான் மறக்கவில்லை. இந்த ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்பாவை மிகவும் பேசவைத்தது கூரைதான். 2016-ல் முற்றத்துப் பக்கம் ஒரு கூரைச் சன்னல் அப்படியே சரிந்து கீழே விழுந்தது. ஏணி வைத்துப் பார்த்தால் கூரை முழுக்கப் பிரச்சினை. கிட்டத்தட்ட 60 லட்சம் பவுண்டு செலவில் பெரிய வேலை எடுத்தார்கள். வீட்டையே சாரம் கட்டி மூடி, ஓடுகள், புகைபோக்கிகள், சன்னல்கள் எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மாடித் தரைப் பலகைகளைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நூற்றாண்டுக் கணக்கான தூசிக்குள் என்னென்னவோ! எலிகள் கூடு கட்ட இழுத்து வந்த துணித் துண்டுகள் மட்டும் 200-க்கு மேல். எலிசபெத் காலத்துப் பட்டும் வெல்வெட்டும் அதில் உண்டு. கையால் எழுதிய இசைத் தாள்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காலி சாக்லேட் பெட்டி ஒன்று. கூரை ஓரத்துப் பொந்தில் 1568-ஆம் வருஷத்துப் பிரார்த்தனைப் புத்தகம், தோல் அட்டையோடு முழுசாக. அப்புறம், கையளவே உள்ள ஒரு தோல் ஏடு: 15-ஆம் நூற்றாண்டு லத்தீன் எழுத்து, பைபிளின் 39-ஆம் திருப்பாடலின் வரிகள். நீலமும் தங்கமும் இன்றும் மங்கவில்லை.

எலி கடித்த துணியும் காகிதமும் நானூறு வருஷம் எப்படி மக்காமல் இருந்தன? பலகைக்கு அடியில் போட்டிருந்த கனமான சுண்ணாம்புப் பூச்சுதான் காரணம். அது ஈரத்தை உறிஞ்சித் தூசிக்குழியை உலர வைத்திருந்தது. இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா அந்தத் தன்னார்வலர் அம்மாவைப் பார்த்துக் கையைக் குவித்துக் கும்பிட்டார். எனக்குப் புரிந்தது. "சுண்ணாம்பு மூச்சு விடும்" என்று அவர் வாழ்நாள் முழுக்க வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். சிமெண்ட் போட்டால் இரண்டே நாளில் முடியுமே, உனக்கு ஏன் இரண்டு மாசம் என்று கேட்டவர்கள் அதிகம். பழைய செங்கல் சுவரில் சிமெண்டை அப்பினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நிற்கும். நம் ஊரில் உப்புப் பூத்து உதிரும். இந்த ஊரில் அதே ஈரம் குளிரில் உறைந்து பனிக்கட்டியாகிக் கல்லின் முகத்தையே பிளந்து தள்ளும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெத்து. தேய வேண்டியது வந்தால் சாந்து தேயும், கல் பிழைக்கும். தேய்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம்.

பழைய சமையலறையில் டீ குடித்தோம். ஸ்கோன் என்கிற சின்ன பன் சூடாக இருந்தது. அப்பாவுக்கு இந்த ஊர் டீ எப்போதும் வெந்நீர்தான்; பால் கொஞ்சம் கூடக் கேட்டேன், சிரித்தபடி கொடுத்தார்கள். தோட்டத்தில் பிரெஞ்சுப் பாணியில் பூப்பாத்தி போட்டிருக்கிறார்கள். அழகுதான், நாங்கள் அதில் அதிகம் நிற்கவில்லை.

போகிறவர்களுக்கு: பஸ், ரயிலை நம்ப வேண்டாம். கார் வேண்டும், ஸ்வாஃபம் ஊருக்குத் தென்மேற்கே கொஞ்ச தூரம். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இருந்தால் தனியாகக் கட்டணம் இல்லை. வீடு திறந்திருக்கிற நேரமும் தோட்டம் திறந்திருக்கிற நேரமும் வேறாக இருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சுழல் படி குறுகல், படிகள் ஒரு பக்கம் கூம்பிப் போகும். முட்டிவலி உள்ளவர்கள் இரண்டாவது படி வரை ஏறிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு இறங்கினாலும் போதும். குழந்தைகள் இருந்தால் ஒளிவிடத்தை அவர்களுக்குக் காட்டத் தவறாதீர்கள். வெயில் சாய்கிற நேரம் அகழியின் மேற்குப் பக்கம் நில்லுங்கள். சுவரின் நிறம் தண்ணீரில் தெரியும்.

முக்கியமாக, கிளம்பும் முன் வாசலுக்கு வெளியே இருக்கிற சர்ச்சுக்குள் போங்கள். பலர் அதைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள். 1948-ல் அதன் கோபுரம் இடிந்து விழுந்து பெரும்பகுதி கூரையையும் கொண்டுபோய்விட்டது. பாதிச் சர்ச் இன்றும் வானம் பார்த்து நிற்கிறது. பீடப் பகுதியும் பெடிங்ஃபீல்ட் குடும்பத்துச் சிறு கோயிலும் தப்பின. அந்தச் சிறு கோயிலுக்குள் இரண்டு கல்லறை மாடங்கள், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தவை. எல்லாம் சுட்ட மண். கொடி, தூண், இலை, குமிழ் என்று விரல் கனத்தில் வேலை. அந்த மெல்லிய மண்ணை வெடிக்காமல், கோணாமல் சுட்டெடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் அத்தனை டன் கல்லும் கூரையும் விழுந்தபோதும் அது தாங்கி நின்றிருக்கிறது. அப்பா இதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

அவர் ஊருக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. போன வாரம் போன் செய்தார். பக்கத்து ஊரில் பழைய வீடு ஒன்றில் மாடிப்படி திருப்பத்தில் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டுமாம். வேலை அவருடையது இல்லை, அவரிடம் பழகிய பையன் எடுத்திருக்கிறான். சூளைக்காரரிடம் அச்சு செய்யச் சொல்ல அளவு வேண்டும் என்றார்.

"நாலு விரக்கடை பள்ளம்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா உருட்டலோட கனம் கண்ணுல நிக்கல ஆத்தா. முடிஞ்சா ஒரு எட்டுப் போய் அளந்து சொல்லு."

சனிக்கிழமை போகிறேன். டேப்பைப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.